புகழ் யாருக்கு? சுமை யாருக்கு?

எவரெஸ்டை வென்றார் இன்னார் என்று செய்தி வருகிறது. கூடவே படமும் வருகிறது. படத்திலே பனி, பனியின் மீது வீரர், வீரர் கையிலே கொடி! பார்க்கிறோம், மகிழ்கிறோம். தவறில்லை. ஆனால் தோழர்களே! அந்த வீரர் உண்ட உணவை, உறங்கிய கூடாரத்தை, உயிர் காத்த பிராணவாயு உருளையை, அந்த உயரத்துக்குச் சுமந்து சென்ற தோள் யாருடையது என்று நாம் கேட்டதுண்டா?

ஷெர்பாவின் தோள் அது!

நேபாளத்தின் கும்பு பகுதியிலே உருளைக்கிழங்கு பயிரிட்டும் யாக் மாடு மேய்த்தும் வாழ்ந்த மக்கள் ஷெர்பாக்கள். சோமோலுங்மா என்று அவர்கள் போற்றி வந்த மலைக்கு, நில அளவைத் துறைக்குத் தலைவராயிருந்த எவரெஸ்ட் என்ற துரையின் பெயரை 1865-ல் சூட்டினர். மலையின் பெயர் துரையுடையது. மலைமேல் சுமை ஷெர்பாவுடையது!

1922-ல் ஆங்கிலேயர் குழு ஏறியபோது பனிச்சரிவு விழுந்தது. மாண்டவர் 7 பேர். எழுவரும் சுமை தூக்கிச் சென்றவர்கள். வெள்ளையர் ஒருவரும் இல்லை! 1934-ல் நங்க பர்பத்திலே, நடக்கமுடியாமல் கிடந்த ஜெர்மானியத் தலைவர் மெர்க்கலை விட்டுப் பிரியாமல் உடனிருந்தே மடிந்தார் கேலே என்ற ஷெர்பா. 'விசுவாசம்' என்று வியந்தனர். வியக்கட்டும்! விசுவாசத்தைப் புகழ்ந்தவர்கள் சமத்துவத்தைத் தந்தார்களா? அதுதான் நம் கேள்வி.

விடை 1953-ல் கிடைத்தது. காத்மாண்டு வந்திறங்கியது ஆங்கிலக் குழு. பிரிட்டிஷ் தூதரகத்திலே வெள்ளையருக்கு அறை. ஷெர்பாக்களுக்கு, முன்பு குதிரை கட்டிய கொட்டகை! கழிப்பிடமும் கிடையாது. மறுநாள் காலை, கொட்டகை முன்னால் பாதையிலேயே சிறுநீர் கழித்துத் தம் சினத்தைக் காட்டினர் ஷெர்பாக்கள்.

அந்தக் கொட்டகைக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் டென்சிங்! மே 29-ம் நாள் ஹில்லாரியோடு அவர் உச்சியில் நின்றார். ஹில்லாரிக்கும் குழுத் தலைவர் ஹண்டுக்கும் 'சர்' பட்டம். டென்சிங்குக்கு ஒரு பதக்கம். ஒரே கயிற்றில் ஏறியவர்களுக்கு இரண்டு தராசு! ஆனால் ஹில்லாரி நன்றி மறந்தவரல்லர். 1961-ல் கும்ஜங் ஊரிலே ஷெர்பாப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுப்பினார். அதை மறைப்பது அறமாகாது. எனினும், நல்லவர் ஒருவரின் ஈகை வேறு. உழைப்பவரின் உரிமை வேறு!

அந்த உரிமைக் குரல் 2014-ல் எழுந்தது. அடிவார முகாமுக்கு மேலே கும்பு பனியருவி என்றொரு வழி. ஓயாமல் நகரும் பனிக்கட்டி, ஆளை விழுங்கும் பிளவுகள், அவற்றின் மேல் ஏணிகள். ஏற வந்தவர் அதைச் சில தடவையே கடப்பார். சுமை தூக்குபவரோ மூட்டையோடு பல தடவை கடந்தாக வேண்டும். ஏப்ரல் 18 காலை, அங்கே பனிப்பாறை சரிந்தது. 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். அரசு முதலில் நீட்டிய தொகை, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஏறத்தாழ 400 டாலர்! ஏற வரும் அயல்நாட்டாரிடமோ தலைக்குப் பல்லாயிரம் டாலர் வாங்கிய அரசு அது.

வெகுண்டனர் ஷெர்பாக்கள். கல் எறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. சுமையை இறக்கி வைத்தனர், அவ்வளவுதான்! பணம் கட்டி வந்தவர் சிலர் முகம் சுளித்தனர். சிலர் துயரில் துணை நின்றனர். நேபாளப் பக்கத்திலே அந்தப் பருவத்து மலையேற்றமே ஏறக்குறைய நின்றுபோயிற்று. கட்டாயக் காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாயிற்று. போதாதுதான்; ஆனால் பிச்சையல்ல, போராடிப் பெற்றது!

2021 சனவரி 16. குளிர்காலத்தில் எவரும் ஏறியிராத கே-2 மலை. உச்சிக்குச் சற்றுக் கீழே 10 பேர் நின்றனர். ஒன்பது ஷெர்பாக்கள், ஒரு மகர். பத்துப் பேரும் நேபாளியர்! முந்திச் சென்று முதல்வன் என்ற பெயரைத் தட்டிக்கொள்ள எவரும் எண்ணவில்லை. பின்தங்கியவர் வரும்வரை காத்திருந்து, பதின்மரும் சேர்ந்தே உச்சியை அடைந்தனர், தம் நாட்டுப் பண்ணைப் பாடியபடி!

தோழர்களே! அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது, கொடி பிடித்தவரின் முகத்தோடு நிறுத்திவிட வேண்டாம். கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் பெயரையும் கேட்போம். சுமந்தவர் பெயர் இல்லாத வெற்றிச் செய்தி, பாதிச் செய்தி!