பவளத்துக்கு ஆன்டிபயாடிக் களிம்பு! ஃபுளோரிடா கடலில் என்ன நடக்குது?

மூளைப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். நூறு ஆண்டு வளர்ந்த அப்படியொரு பவளம் சில வாரங்களிலேயே செத்துப்போனால்? அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் 2014 முதல் இதுதான் நடக்கிறது. காரணம், எஸ்.சி.டி.எல்.டி எனப்படும் ‘கல் பவளத் திசு இழப்பு நோய்’.

பவளத்துக்கும் நோய் வருமா?

வரும். பவளம் வெறும் பாறை இல்லை; பாலிப் என்ற குட்டி உயிர்களின் கூட்டம். அவை கட்டிய சுண்ணாம்புக் கூட்டின் மேல் தோல்போலத் திசு படர்ந்திருக்கும். இந்த நோய் அந்தத் திசுவையே உரித்துவிடும்.

இதுவும் ‘வெளிறுதலும்’ ஒண்ணா?

இல்லை. கடல் சூடானால் பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெள்ளையாகும். ஆனால் உயிர் இருக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் மீண்டுவிடும். திசு இழப்பில் மிஞ்சுவது எலும்புக்கூடு மட்டுமே.

எப்படிப் பரவுது?

முதலில் தெரிந்தது மயாமி அருகே. 2018-ல் ஜமைக்கா, மெக்சிகோ என கரீபியன் பக்கம் தாவியது. 20-க்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்குகிறது. கடல்நீர் வழியாகவே பரவும். ஆனால் இவ்வளவு தூரத்துக்கு? சமநிலைக்காகக் கப்பல்கள் ஓர் இடத்தில் நிரப்பி இன்னோர் இடத்தில் கொட்டும் நீர்மீதுதான் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம்.

கிருமி எது?

இன்னும் பிடிபடவில்லை. ஆன்டிபயாடிக் வேலை செய்வதால் பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கிறது என்று கருதுகிறார்கள். நுண்பாசியைத் தாக்கும் வைரஸ்மீதும் ஒரு கண் இருக்கிறது.

நம்ம குப்பைக்கும் இதில் பங்கு உண்டா?

இந்த நோய்க்கு நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பொதுவாகப் பவள நோய்களில் உண்டு. ஆசிய-பசிபிக் பகுதியில் 159 பவளத்திட்டுகளை ஆராய்ந்து, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு சொல்வது: பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4%, பட்டால் 89%!

சிகிச்சை இருக்கா?

இருக்கு. நமக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் அதே அமாக்சிசிலின்தான்! அதைக் களிம்பில் கலந்து, முக்குளிப்பவர்கள் நோய் பரவும் விளிம்பில் கையால் பூசுகிறார்கள். பூசிய இடத்தில் நோய் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அதே பவளத்தில் வேறு இடத்தில் மறுபடி கிளம்பலாம். ஒவ்வொரு பவளமாகத் தேடிப்போய்ப் பூசவும் வேண்டும். கடல் முழுக்க இது நடக்கிற காரியமா?

அதனால்தான் நல்ல பவளங்களை முன்கூட்டியே எடுத்து, உயிரியல் பூங்காக்களிலும் மீன் காட்சியகங்களிலும் வளர்க்கிறார்கள். ஃபுளோரிடாவின் தூண் பவளம் இயற்கையில் இனி தானாகப் பெருக முடியாத அளவுக்கு அருகிவிட்டது. அதன் அடுத்த தலைமுறை இப்போது அந்தத் தொட்டிகளை நம்பித்தான் இருக்கிறது.