வெயில் பட்டால் பீர் ஏன் நாறுகிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பின் கத்திரி வெயிலில் ஒரு பச்சை பீர் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறந்தால், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சூடுதான் காரணம் என்பார்கள். இல்லை, குற்றவாளி ஒளி.

பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. அதைக் கொதிக்கவிடும்போது ஐசோஹியூமுலோன்கள் உண்டாகின்றன. பீரிலேயே இருக்கும் ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, நீல ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலால் அவற்றை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்தால் நாறும் தயோல். ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கு எதிரிமேல் பீய்ச்சும் திரவத்தில் இருப்பதும் இதன் பங்காளிதான்! லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பாட்டிலுக்குப் போகும் முன், பீர் நொதிக்கும் கட்டத்திலேயே இந்தப் பொருள்களெல்லாம் தயார். அதனால்தான் வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம்தரும் அமெரிக்காவில் கண்ணாடிக் குடுவைக்குக் கறுப்புத் துணி போர்த்துகிறார்கள். ஆலைகளில் எஃகுத் தொட்டி. பழுப்பு பாட்டில் நீல ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சை, பெயருக்குத்தான்.

பாலிலும் இதே ரைபோஃப்ளேவின் உண்டு. வெயிலில் கிடந்த பாக்கெட் பாலின் சுவை கெட அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் என்பதால், நெய்வேலிக்காரர்கள் நிழலில் வைக்க வேண்டியது பாலைத்தான்.