வீட்டில் இரும்புக் குழாய் அறுக்க எந்தக் கருவி வாங்கலாம்?



திருப்பூரில் நம்மவர் வீடுகள் பலவும் பாதி வீடு, பாதி தொழிற்கூடம். முன்னறையில் ஓவர்லாக் மெஷின், பக்கத்தில் செக்கிங் டேபிள், மூலையில் கட்டுக்கட்டாகப் பனியன் பீஸ். துணி தொங்கவிட ஒரு ஸ்டாண்ட், பீஸ் அடுக்க ஒரு ரேக், வயதான அத்தா பிடித்து நடக்கக் குளியலறையில் ஒரு கைப்பிடி என்று ஏதாவது ஒரு தேவை வந்துகொண்டே இருக்கும். பட்டறைக்குப் போனால் கூலியும் அலைச்சலும் ஆகிறது என்று, குழாயை வாங்கி வந்து வீட்டிலேயே அறுக்கப் பலரும் முயல்கிறார்கள். அதற்காக மலிவான கிரைண்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

தையல் மெஷினில் உட்காருபவருக்கு விரலும் கண்ணும்தான் மூலதனம். கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ஈஎஸ்ஐ இருக்கும். வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சில மாத வருமானத்தை இழக்கக் கூடாது. எனவே எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.

கருவி வாங்குவதற்கு முன்

முதலில் யோசிக்க வேண்டியது, வீட்டில் அறுக்கத்தான் வேண்டுமா என்பது. குழாய் 20 அடி நீளத்தில் வருகிறது. அதை வண்டியில் கட்டிக் கொண்டுவரவே முடியாது. எப்படியும் கடையில் வெட்டித்தான் ஆக வேண்டும். கையில் ஓர் அளவுச் சீட்டு கொண்டுபோனால், பல கடைகளில் சிறு கூலிக்கு எல்லாத் துண்டுகளையும் அங்கேயே வெட்டிக் கொடுப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: 20 அடி என்று சொல்லப்படும் குழாய் பல நேரம் 6 மீட்டராக இருக்கும். அதாவது 19 அடி 8 அங்குலம். துணி ஸ்டாண்ட் ஒன்றுக்கு 5 அடியில் இரண்டு தூண், மூன்றேகால் அடியில் மேலும் கீழும் இரண்டு குறுக்குக் கம்பி, ஒன்றரை அடியில் இரண்டு கால் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 19½ அடி. அறுக்கும்போது தேயும் மில்லிமீட்டர்களுக்கு மீதி இரண்டு அங்குலம் போதும். இதையே சரியாக 20 அடிக்குத் திட்டமிட்டால் கடைசித் துண்டு குட்டையாகிவிடும்.

துண்டுகளை வெல்டிங் வைத்துத்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பற்றவைப்பவரே வெட்டியும் கொடுத்துவிடுவார். அப்போது கருவியே தேவையில்லை. போல்ட்டு போட்டோ, மூட்டுகள் மாட்டியோ சேர்ப்பவர்களுக்கும், இருக்கும் குழாயைச் சற்றுக் குறைக்க நினைப்பவர்களுக்கும்தான் கருவி வேண்டும்.

ஆக்சா பிளேடு: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, பத்துப் பதினைந்து வெட்டுகள் என்றால் ஆக்சா பிரேமும் நல்ல பிளேடும் போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், தீப்பொறி இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கமும் கெடாது.

'ஆக்சாவில் அறுத்தால் பல் உடைகிறது' என்று பலர் சலித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது தவறான பிளேடை மாட்டுவதால் வருவது. பிளேடில் ஓர் அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று எழுதியிருக்கும். குழாயின் சுவர் மீது எப்போதும் இரண்டு பல்லாவது படிந்திருக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு வாங்கும் ஸ்கொயர் டியூபின் சுவர் 1.2 மி.மீ. அளவில்தான் இருக்கும். 18 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளியே 1.4 மி.மீ. அப்படியானால் சுவர் இரண்டு பல்லுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும், பல் உடையும். மெல்லிய குழாய்க்கு 32 பல் பிளேடு, 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் உள்ளதற்கு 24 பல் பிளேடு என்று கேட்டு வாங்குங்கள். 'பை-மெட்டல்' வகை வளைந்துகொடுக்கும், சட்டென்று முறியாது. புதிதாகப் பழகுபவருக்கு அதுவே நல்லது.

பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, பிளேடு விறைப்பாக நிற்கும்வரை திருகை முறுக்குங்கள். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். பின்னால் இழுக்கும்போது தளர்த்துங்கள். நிமிடத்துக்கு 40, 50 தள்ளலுக்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டால் பிளேடு சூடாகி மழுங்கும். ஸ்கொயர் டியூபை மேலிருந்து தட்டையாக அறுக்காமல் சற்றுச் சாய்த்து அறுங்கள். உருண்டைக் குழாயில் சுவர் அறுபட்டதும் குழாயைக் கொஞ்சம் திருப்பி மறுபடி அறுங்கள். எவர்சில்வர் குழாய்க்குப் புதுப் பிளேடு போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாக, நன்றாக அழுத்தி அறுக்க வேண்டும். பிளேடு அழுத்தமில்லாமல் வெறுமனே உரசினால் அந்த இடம் இன்னும் இறுகிவிடும்.

பணம் செலவழிக்க வேண்டிய இன்னொரு பொருள் வைஸ் அல்லது இரண்டு சி-கிளாம்ப். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதுதான் கையைக் கிழிக்கும். அறுத்த விளிம்பின் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அது பனியன் துணியையும் இழுக்கும், குழந்தையின் கையையும் கீறும்.

உருண்டைக் குழாய்க்குப் பைப் கட்டர்

தண்ணீர்க் குழாய் வேலைக்கு உருளைச் சக்கரம் வைத்த பைப் கட்டர் வசதியானது. குழாயைச் சுற்றிவந்து சிறிது சிறிதாகத் திருகை முறுக்கினால் நேராக வெட்டும். ஸ்கொயர் டியூபுக்கு இது உதவாது. மிக மெல்லிய குழாயை நசுக்கியும் விடும். செம்புக் குழாய்க்கான சின்னக் கட்டரை இரும்புக்கு வாங்கிவிடாதீர்கள். வெட்டியபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை எடுத்தால்தான் தண்ணீர் தடையின்றி ஓடும்.

ஆங்கிள் கிரைண்டர்: வாங்கத்தான் வேண்டுமென்றால்

தொடர்ந்து இந்த வேலை செய்பவர்களுக்கு மட்டுமே இது தேவை. நான்கு அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 முறை சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் அதன் துண்டும் அந்த வேகத்தில்தான் பறக்கும். அதனால்:

• கவசத் தகடு இல்லாத மெஷினை வாங்காதீர்கள், இருப்பதைக் கழற்றாதீர்கள். நான்கு அங்குல மெஷினில் ஐந்து அங்குல டிஸ்க்கையோ, மரம் அறுக்கும் பல் சக்கரத்தையோ மாட்டவே கூடாது.

• கையை எடுத்ததும் நின்றுவிடும் சுவிட்சு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

• டிஸ்க்கில் எழுதியுள்ள வேகம் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். கீழே விழுந்த, நனைந்த, விரிசல் கண்ட டிஸ்க் வேண்டாம்.

• வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள்.

• துண்டாகும் பக்கம் தானாகக் கீழே விழும்படி குழாயை நிறுத்துங்கள். இரு முனையையும் தாங்கி நடுவில் வெட்டினால் குழாய் தொய்ந்து டிஸ்க்கை இறுக்கும். மெஷின் நம்மை நோக்கித் துள்ளும். டிஸ்க்கின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

பஞ்சும் தீப்பொறியும்

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. மெஷின் அடியிலும் சுவர் ஓரத்திலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசி, மூலையில் கிடக்கும் பனியன் வேஸ்ட், சந்தில் நிற்கும் இருசக்கர வாகனம் ஆகிய எல்லாம் தீப்பொறிக்காகவே காத்திருப்பவை. தீப்பொறி வேலை நடக்கும் இடத்திலிருந்து 35 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது தீப்பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. லைன் வீடுகளில் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்படியானால் அங்கே கிரைண்டர் கூடாது, ஆக்சாதான். மொட்டை மாடியில் வெட்டினாலும் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது கண்காணியுங்கள். பஞ்சுக்குள் புகுந்த பொறி உடனே எரியாது. கனன்று கனன்று பிறகுதான் பற்றும்.

சாய ஆலைகளிலிருந்து வரும் பழைய டிரம், மூடிய டேங்க் ஆகியவற்றை எதனாலும் வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கலாம்.

உடை, கண், மின்சாரம்

பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பார்வைக்குப் போடும் கண்ணாடி அதற்கு ஈடாகாது. லுங்கி, துப்பட்டா, தளர்ந்த கை உள்ள சட்டை ஆகியவற்றோடு கிரைண்டரைத் தொடாதீர்கள். பாலியஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி உடையே நல்லது. பூச்சுள்ள ஜிஐ குழாயைச் சூடாக்கும்போது வரும் துத்தநாகப் புகை, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் தரும். ஆக்சாவில் அந்தத் தொல்லை இல்லை.

வயரின் முனையைத் தீக்குச்சியால் பிளக்கில் செருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தினால், கசிவு ஏற்பட்ட நொடியில் மின்சாரம் நின்றுவிடும். கிரைண்டருக்கு மட்டுமல்ல, தையல் மெஷினுக்கும் அது காவல்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் தேய்க்காதீர்கள், கைக்குட்டை முனையால் எடுக்க முயலாதீர்கள். சுத்தமான நீரில் கழுவி அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்பு கண்ணிலேயே துருப்பிடிக்கும்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். துண்டான கையையும் விரலையும் மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை பக்கத்திலேயே கோவையில் இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முயலுங்கள்.

மஹல்லாவுக்கு ஒரு பெட்டி

ஆண்டுக்கு இருமுறை பயன்படும் பொருளை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வைஸ், ஒரு ஆக்சா, ஒரு அரம், இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி கொண்ட பெட்டியை ஒரு மஹல்லாவினர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்தால் தலைக்குச் சில ரூபாய்தான் ஆகும். எடுத்தவர் அமானிதமாகக் கருதித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே.

தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பில் கவசம் செய்து, தம் கை உழைப்பில் உண்டவர்கள். கைத்தொழில் நமக்குப் பெருமை. அந்தக் கையைப் பாதுகாப்பதும் நம் கடமை. அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.