லேசர் ஷோ பெட்டி வாங்கப் போறீங்களா? பின்பக்கத்தைப் பாருங்க!

சுவரில் படம் வரையும் லேசர் பெட்டி வாங்குவோர் 'எத்தனை வாட்?' என்றுதான் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, பின்னால் 25 பின் கொண்ட 'இல்டா' சாக்கெட். அது இல்லாவிட்டால் பெரும்பாலும் கம்பெனி போட்ட டிசைன்தான். கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்காது.

உள்ளே 2 குட்டிக் கண்ணாடிகள் ஆடித்தான் படம் வருது. நொடிக்கு 30 ஆயிரம் புள்ளி போடும் ஸ்கேனர் என்றால் எழுத்து அவ்வளவாக நடுங்காது.

கம்ப்யூட்டருக்கும் லேசருக்கும் நடுவே ஒரு கருவி வேணும். 'குவிக்‌ஷோ' சாப்ட்வேருக்கு பாங்கோலின் கம்பெனியின் கருவியேதான் வேண்டும். 'ஹீலியோஸ்' யு.எஸ்.பி. கருவிக்கு இலவச சாப்ட்வேரே போதும்.

அரை வாட்டைத் தாண்டினால் 4-ம் வகுப்பு லேசர். கண்ணில் நேராகப் பட்டால் இமை மூடும் முன்பே விழித்திரை பொசுங்கிடும். கூட்டத்தின் தலைக்கு மேலேதான் அடிக்கணும். படம் பிடிக்கிற செல்போன் கேமராவும் காலியாகும்.