நள்ளிரவில் சீனாவில் இறங்குபவர்களுக்கு: விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரை

சரக்கெடுக்க சீனா புறப்படும் சகோதரர்கள் துஆ கேட்டு மஸ்ஜிதுக்கு வருவதுண்டு. விசா, டிக்கெட், டாலர், பார்க்க வேண்டிய ஃபேக்டரிகளின் பட்டியல் எல்லாம் பக்காவாக இருக்கும். "இறங்கியதும் ஹோட்டலுக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டால் மட்டும், "டாக்சி கிடைக்கும் ஹஜ்ரத்" என்று முடித்துவிடுவார்கள். பகலில் இறங்குகிறவருக்கு அந்தப் பதில் போதும். இரவு ஒரு மணிக்கு, சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல், இடுப்பில் கொள்முதல் பணத்தோடு இறங்குகிறவருக்குப் போதாது. குடும்பத்தோடு போகிறவருக்கும், மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் அறவே போதாது.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு என்று எங்காவது மாறித்தான் போகிறார்கள். மாறும் விமானத்தின் நேரத்தைப் பொறுத்து, போய்ச் சேருவது நள்ளிரவாகவோ விடியலுக்கு முன்பாகவோ அமைந்துவிடுகிறது. இறங்கிய பின் குடிநுழைவு வரிசை, கைரேகைப் பதிவு, பெட்டிக்காகக் காத்திருப்பது என்று ஒரு மணி நேரம் சுலபமாகக் கரையும். குவாங்சோவின் பையுன் விமான நிலையம் நகர மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பகலில் சில யுவானுக்கு நகருக்குள் கொண்டுவிடும் மெட்ரோ, இரவு 11 மணியை ஒட்டி நின்றுவிடும். ஷாங்காய் பூடோங்கிலும் இதே கதைதான். அங்குள்ள புகழ்பெற்ற காந்த ரயில் அதற்கும் முன்னரே ஓய்ந்துவிடும். யிவூ சந்தைக்குப் போக ஹாங்சோவில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிவேக ரயில்கள் பொதுவாக நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஓடுவதில்லை. தண்டவாளப் பராமரிப்பு நேரம் அது. அந்த 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை நடு இரவில் காரில் கடப்பதைவிட, விமான நிலையத்தின் அருகிலேயே ஓர் அறை எடுத்துத் தூங்கி, காலை ரயிலில் போவதே என் பார்வையில் புத்திசாலித்தனம்.

"தவக்குல் வைத்துப் போகிறோம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் சொல்வார்கள். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தவக்குலில் எல்லோருக்கும் முன்மாதிரியான நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத் பயணத்தைக் கவனியுங்கள். மக்காவை விட்டுப் புறப்படும் முன்பே, பாலைவன வழிகளில் தேர்ந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்குப் பேசினார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர், ஆனால் நம்பிக்கையானவர். இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் சவ்ர் குகைக்கு வந்துவிட வேண்டும் என்று நேரமும் இடமும் குறித்தார்கள். உணவுக்கு ஒருவர், ஊர்ச் செய்திக்கு ஒருவர், பாலுக்கு ஆடு ஓட்டி வர ஒருவர் என்று மற்ற ஏற்பாடுகளும் இருந்தன. ஆள், கூலி, இடம், நேரம் நான்கும் முன்கூட்டியே முடிவாகியிருந்தன. நள்ளிரவில் அந்நிய ஊரில் இறங்குகிறவருக்கும் தேவை இதே நான்குதான்.

ஆளைப் பற்றி முதலில் பார்ப்போம். மூன்று வழிகள் உள்ளன. தங்கும் ஹோட்டலிடமே கார் அனுப்பச் சொல்வது ஒன்று. டிரிப் டாட் காம் போன்ற செயலியில் முன்பதிவு செய்வது மற்றொன்று. இறங்கிய பின் தீதி செயலியில் அழைப்பதோ, அரசு அனுமதி பெற்ற டாக்சிகளின் வரிசையில் நிற்பதோ மூன்றாவது. முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்கள், பெண்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். சற்றுக் கூடுதல் செலவு ஆகும். அதை இஸ்ராஃப் என்று நினைக்க வேண்டியதில்லை. அடிக்கடி போய்வரும் வியாபாரிக்கு மூன்றாவது வழியே போதும்.

இவை தவிர, வருகைக் கூடத்தில் "டாக்சி, டாக்சி" என்று பெட்டியைப் பிடித்து இழுக்கும் ஆட்கள் நான்காவது. சீனர்களே இவற்றை "ஹெய் சே", அதாவது கறுப்பு வண்டி என்கிறார்கள். மீட்டர் கிடையாது, ரசீது கிடையாது, பாதி வழியில் பேசிய தொகை மாறும். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முறையான டாக்சி வரிசை கட்டடத்துக்கு வெளியே, அறிவிப்புப் பலகையோடு, ஊழியர்கள் ஒழுங்குபடுத்த இருக்கும்.

செயலியில் முன்பதிவு செய்யும்போது மூன்று இடங்களில் சறுக்கல் வருகிறது. முதலாவது தேதி. 15ஆம் தேதி நள்ளிரவு 12.40க்கு இறங்கும் பயணியின் மனதில் அது 14ஆம் தேதி இரவாகவே இருக்கும். காரை 14ஆம் தேதிக்குப் பதிந்தால் அது ஒரு நாள் முன்பே வந்து போய்விடும். ஹோட்டல் அறைக்கோ நேர் எதிர்: 15ஆம் தேதி அதிகாலையில் படுக்க அறையை 14ஆம் தேதியிலிருந்து எடுக்க வேண்டும், தாமதமாக வருவேன் என்று செய்தியும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். கேன்டன் கண்காட்சி நடக்கும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் காலத்தில் குவாங்சோவில் மாற்று அறை கிடைப்பதும் கடினம்.

இரண்டாவது பெயர். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறதே என்று நம்மவர்கள் தந்தை பெயரைப் போடுகிறோம். டிரைவர் பிடித்திருக்கும் அட்டையில் அந்தப் பெயர் மட்டும் இருக்கும். தன் பெயரைத் தேடும் மகன், வாப்பாவின் பெயரைத் தாண்டி நடந்து போய்விடுவார்! அட்டையில் எந்தப் பெயர் வரும் என்பதைப் பதிவு செய்தவர் பயணிக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது விமான எண். அதைச் சரியாகக் கொடுத்தால்தான் விமானம் தாமதமானாலும் டிரைவருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார், அதற்கு மேல் எவ்வளவு என்ற நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

இங்கே ஒரு மார்க்க விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இது இஜாரா, கூலி ஒப்பந்தம். ஒன்று வராவிட்டால் இன்னொன்று என்று இரண்டு கார்களைப் பதிந்துவிட்டு, முதலில் கண்ணில் பட்டதில் ஏறிப் போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. மற்ற டிரைவர் தூக்கத்தைத் தொலைத்து அட்டையோடு நின்றுகொண்டிருப்பார். அவர் முஸ்லிம் அல்லர், நம் மொழி தெரியாது, இனி சந்திக்கப் போவதில்லை என்பதால் வாக்குறுதி லேசாகிவிடாது. ரத்து செய்வதென்றால் நிபந்தனைப்படி நேரத்தோடு ரத்து செய்யுங்கள். அவர் புறப்பட்ட பின் என்றால் பேசிய கூலியைக் கொடுங்கள். மீட்டர் டாக்சியில் தொகை முன்பே தெரியாதே, கூடுமா என்று கேட்கிறார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற விகிதம் நிர்ணயிக்கப்பட்டு இரு தரப்பும் அறிந்திருப்பதால் தகராறுக்கு இடமில்லை, கூடும். இரவில் பல நகரங்களில் அந்த விகிதம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பையுனிலிருந்து நகர மையத்துக்குச் சுமார் 120 முதல் 160 யுவான் வரை ஆகும். ஏறியதும் "தா பியாவோ" என்றால் மீட்டர் போடச் சொல்கிறீர்கள். இறங்கும்போது "ஃபா பியாவோ" என்றால் ரசீது. அந்தச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். வண்டியில் பையை விட்டுவிட்டால், எந்த வண்டி என்று கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம்.

அடுத்தது கைப்பேசி. நள்ளிரவில் நம்மவர்களைத் திகைக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். சீன இணையத்தில் கூகுள், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் திறக்காது; விமான நிலைய வைஃபையிலும் அப்படியே. ஹோட்டல் விலாசம் ஜிமெயிலுக்குள் இருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். நம் நாட்டு சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுப் போனால் இந்தத் தடை பொதுவாகப் பாதிக்காது. வீட்டாரோடு வாட்ஸ்அப்பில் பேசவும், வங்கியின் ஓடிபி வரவும் அதுவே வழி. அலிபேயை ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டை இணைத்து, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டுப் புறப்படுங்கள். வெளிநாட்டு கார்டில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் 3 சதவீதம் கட்டணம் உண்டு. கையில் 300, 400 யுவான் ரொக்கமும் இருக்கட்டும்; சில்லறையாக இருந்தால் நல்லது.

அலிபேக்குள்ளேயே தீதி இருக்கிறது. ஆங்கிலத்தில் இயங்கும், டிரைவரின் செய்தியை மொழிபெயர்த்தும் காட்டும். விமான நிலையங்களில் தீதி வண்டி வருகை வாசலுக்கு வராது; பெரும்பாலும் வாகன நிறுத்தக் கட்டடத்தில் குறிப்பிட்ட தளத்தில் நிற்கும். செயலி காட்டும் இடத்தை அடைந்த பின் அழைப்பது நல்லது. வண்டி எண்ணை ஒத்துப் பார்த்து ஏறுங்கள். டிரைவர் ஏதோ எண் கேட்டால் திகைக்க வேண்டாம். அது உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி 4 இலக்கங்கள். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் சாதாரண கார் கொள்ளாது. ஆறு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

இதையெல்லாம் விட மேலானது ஒரு துண்டுக் காகிதம். ஹோட்டலின் பெயர், விலாசம், தொலைபேசி எண் மூன்றையும் சீன எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். ஆங்கிலப் பெயர் பல டிரைவர்களுக்குப் புரியாது. ஒரே பெயரில் நகரெங்கும் பல கிளைகளும் இருக்கும். எண் இருந்தால் டிரைவரே ஹோட்டலை அழைத்து வழி கேட்டுக்கொள்வார். "பள்ளிவாசல் பக்கம்" என்று சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. குவாங்சோவில் பள்ளிவாசல்கள் பல. குவாங்தா சாலையில் பழம்பெரும் ஹுவாய்ஷெங் மஸ்ஜித் ஒன்று. ரயில் நிலையம் பக்கம், சஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் அடக்கஸ்தலம் என்று உள்ளூரில் நம்பப்படும் இடத்தை ஒட்டிய மஸ்ஜித் மற்றொன்று. (அவர்கள் மதீனாவின் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டதாகவே வரலாற்று நூல்கள் கூறுகின்றன, அது தனியாக எழுத வேண்டிய செய்தி.) ஹலால் உணவுக்காக நம்மவர்கள் தங்கும் சியாவோபெய் பகுதி இன்னொரு திசையில். நள்ளிரவில் மஸ்ஜித் எதுவும் திறந்திருக்காது.

இரவில் தனியாகப் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் இப்னு உமர் (ரலி) வழியாகப் பதிவாகியுள்ளது. ஒரே விமானத்தில் ஊர்க்காரர் இருவர் இருந்தால், ஹோட்டல் வேறாக இருந்தாலும் ஒரே வண்டியில் போங்கள். படிக்கப் போகும் மகளை நள்ளிரவில் தனியே இறக்கும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். மஹ்ரம் துணை பற்றிய சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; நான் இங்கே சொல்வது பாதுகாப்பு பற்றி. பகலில் இறங்கும் விமானம், உடன் படிக்கும் மாணவிகளோடு சேர்ந்த பயணம், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் வண்டி அனுப்புமா என்ற விசாரணை இவை மூன்றையும் பாருங்கள். வழியில் தீதியின் பயணப் பகிர்வு வசதியை வீட்டாருக்கு அனுப்பலாம். ஆபத்து என்றால் போலீஸ் எண் 110.

தொழுகை விஷயத்தில், காரில் ஏறும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். சீனா முழுவதும் ஒரே நேரம்தான், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. சுபுஹு நெருங்கும் வேளையில் இறங்கியிருந்தால், நேரம் நுழைந்ததும் விமான நிலையத்திலேயே ஒதுக்குப்புறமாகத் தொழுதுவிட்டு ஏறுங்கள். ஹோட்டலில் தொழலாம் என்று ஏறிச் சாலையில் சூரியனைப் பார்ப்பவர்கள் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் மக்ரிபைப் பிற்படுத்தி இஷாவோடு ஜம்உ செய்வதானால் மக்ரிப் நேரத்துக்குள்ளேயே அந்த நிய்யத் வேண்டும். ஹனஃபிகளுக்கு இந்த ஜம்உ இல்லை. விமானத்திலேயே அந்தந்த நேரத்தில் தொழுதுகொள்ள வேண்டும்.

ஹோட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். நண்பரின் அறையிலோ பிள்ளையின் வாடகை வீட்டிலோ தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு பதிய வேண்டும். இரவு வந்த களைப்பில் இது மறுநாளைக்குத் தள்ளிப்போய் மறந்துபோகிறது.

திரும்பும் விமானமும் நடு இரவில்தான் என்றால் அதற்கான காரை முந்தின பகலிலேயே ஹோட்டல் வரவேற்பறையில் சொல்லி வையுங்கள். அதிகாலை 2 மணிக்குப் பெட்டிகளோடு வாசலில் நின்று தீதி தேடும்போது, மழை பெய்தால் வண்டி கிடைப்பது அரிது. வரவேற்பறையில் இருக்கும் அந்த இரவுப் பணியாளரிடமே, வந்த அன்று பயன்படுத்திய துண்டுக் காகிதத்தின் பின்பக்கம் விமான நிலையத்தின் பெயரையும் டெர்மினல் எண்ணையும் சீனத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பையுனில் டெர்மினல்கள் ஒன்றுக்கொன்று தூரம். தவறான வாசலில் இறங்கினால் பெட்டிகளோடு மறுபடி ஒரு பயணம்.