மூன்று ராக்கெட் வரைக்கும் பணம்

1995-ல் ஈலான் மஸ்க்கும் தம்பி கிம்பலும் கலிஃபோர்னியாவில் ஜிப்2 நிறுவனத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தது ஒரே கணினி. பகலில் அதில்தான் வலைத்தளம் ஓடும். இரவில் அதிலேயே உட்கார்ந்து நிரல் எழுதுவார் மஸ்க். பிழை வந்தால் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். போவது ஓர் இரவுத் தூக்கம்.

1999-ல் காம்பாக் ஜிப்2 நிறுவனத்தை 30.7 கோடி டாலருக்கு வாங்கியது. மஸ்க்குக்குக் கிடைத்தது சுமார் 2.2 கோடி. அதை வைத்துத் தொடங்கிய எக்ஸ்.காம் பிறகு பேபால் ஆனது. 2002-ல் ஈபே 150 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பிறந்த ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸில் மஸ்க் சுமார் 10 கோடி டாலரைப் போட்டார்.

மென்பொருளில் சம்பாதித்து ராக்கெட் விட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பசிபிக் கடலில் ஒமெலெக் என்று ஒரு குட்டித் தீவு. 2006 மார்ச்சில் அங்கிருந்து கிளம்பிய ஸ்பேஸ்எக்ஸின் முதல் ஃபால்கன் 1 ராக்கெட், எரிபொருள் கசிந்து தீப்பற்றி விழுந்தது. காரணம், உப்புக்காற்றில் அரித்துப்போன ஒரு சிறு அலுமினிய நட். நிரல் எழுதியவர் யாரும் உப்புக்காற்றுக்குப் பயந்ததில்லை. அடுத்த ஆண்டு இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2008 ஆகஸ்ட். கீழ்க்கட்டம் கழன்றாயிற்று. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய்களில் மிஞ்சியிருந்த கொஞ்சம் எரிபொருள் அதை லேசாக உந்த, அது மேலே போய் மேல்கட்டத்தில் இடித்தது. தரையில் நடந்த சோதனையில் இந்த உந்துதல் தெரியவே இல்லை. சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அதைவிட அதிகம். காற்றில்லாத உயரத்தில்தான் அது வேலையைக் காட்டியது. இதற்கு என்ன திருத்தம்? எஞ்சினை அணைத்தபின் கழற்றுவதற்கு முன் இன்னும் சற்றுப் பொறுப்பது. அவ்வளவுதான். நிரலில் ஓர் எண். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு முழு ராக்கெட் கடலுக்குள் போக வேண்டியிருந்தது.

இரும்புத் தொழிலில் பாடத்துக்கு இதுதான் கட்டணம். ராக்கெட்டே செய்திராத ஒருவருக்கு மூன்று முறை தோற்கும் அளவுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? மென்பொருள் மஸ்க்குக்கு உலோகத்தைப் பற்றி எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொள்ளும்வரை தாக்குப்பிடிக்க வைத்தது.

நான்காவது ராக்கெட்டை அவசரமாகச் சரக்கு விமானத்தில் ஏற்றிப் போனார்கள். விமானம் இறங்க இறங்க, ஏறிய காற்றழுத்தத்தில் ராக்கெட்டின் தகடு நெளிய ஆரம்பித்தது. தீவிலேயே பிரித்துச் சரிசெய்தார்கள். செப்டம்பர் 28 அன்று அது சுற்றுப்பாதையை எட்டியது.