ஒலிப்பதிவுக் கூடம்: எதைக் காப்பாற்றுவது?



'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் எங்கள் தாசேக் கெலுகோர் பக்கத்துப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். பாலம் தாண்டினால் ஜோர்ஜ்டவுன். 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். பழைய கடைவீடுகள், கொர்ன்வாலிஸ் கோட்டை, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் என்று வரிசையாக வந்துவிடும். தப்பில்லை. ஆனா எல்லாமே கண்ணால் பார்க்கிற சங்கதிகள். காதால் கேட்ட ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் எழுதுவதில்லை. இந்த முறை அதைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குக் கொஞ்சம் தூரம் போகணும்: சென்னை, சாலிகிராமம், அருணாசலம் சாலை, பிரசாத் ஸ்டூடியோ.

தூரம் என்று சொன்னேனே தவிர, நமக்கு அது அவ்வளவு அந்நியம் இல்லை. இன்று மின்னல் பண்பலையாக இருக்கும் நிலையம் வானொலி 6 என்ற பெயரில் இருந்த காலத்தில், தோட்டத்து வீடுகளில் ஒலித்த திரைப்பாடல்களில் எத்தனையோ அந்த வளாகத்தில் பதிவானவை. பாட்டுக்குப் பாடகர் பெயர் சொல்வோம், இசையமைப்பாளர் பெயர் சொல்வோம். அறையின் பெயர் யாருக்குத் தெரியும்?

வளாகத்தை உருவாக்கியவர் எல்.வி. பிரசாத். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931), இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' இரண்டிலும் சிறு வேடத்தில் நடித்தவர். திரையில் ஒலி வந்த முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நின்றவர் என்று சொல்லலாம். 1956-இல் சொந்தப் படநிறுவனம் தொடங்கினார். பிறகு படப்பிடிப்புத் தளம், படச்சுருள் ஆய்வகம், ஒலிப்பதிவுக் கூடம் என்று வளர்ந்தது. அங்கேயுள்ள ஒரு கூடத்தை இளையராஜா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தன் பணியிடமாக வைத்திருந்தார். 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர் அவர். அவர் மெட்டுப் போட்டதும், இசைக்குறிப்பு எழுதியதும், பதிவு செய்ததும் பெரும்பாலும் அங்கேதான்.

அந்தக் காலத்துப் பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அறையின் அருமை புரியும். வயலின்காரர்கள் ஒரு பக்கம், தபேலா, டோலக் ஒரு பக்கம், புல்லாங்குழல், கிட்டார், சேர்ந்திசைக் குழு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பாடகர். ஐம்பது அறுபது பேர் கூடச் சேர்ந்து உட்காருவார்கள். இசையமைப்பாளர் கை அசைத்ததும் எல்லாரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். மூன்றாவது சரணத்தில் ஒருத்தர் தப்பாக வாசித்தாலும் போச்சு, முதலிலிருந்து இன்னொரு டேக். வெட்டி ஒட்டும் வசதியெல்லாம் பிறகு வந்தது.

இத்தனை பேர் ஒரே இடத்தில் வாசிக்கும்போது வயலினின் ஒலி அதன் மைக்கில் மட்டும் விழாது. சுவரில் பட்டு, கூரையில் பட்டு, புல்லாங்குழலுக்கு வைத்த மைக்கிலும் கொஞ்சம் விழும். ஒலி நின்ற பிறகும் அறையில் அது தேய்ந்து மறைய ஒரு நேரம் எடுக்கும். அறிவியல் ஆசிரியர்கள் இதை எதிர்முழக்க நேரம் என்பார்கள்: ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம். 1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின் என்பவர் ஒரு விரிவுரை மண்டபத்துக்குள் மெத்தைகளைத் தூக்கிப்போய் வைத்து வைத்து இதை அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. நம் பள்ளி மண்டபத்திலும் பார்க்கலாமே! காலியாக இருக்கும்போது கைதட்டினால் முழங்கும். சபைகூடல் நாளில் முந்நூறு பிள்ளைகள் உட்கார்ந்தால் அதே கைதட்டல் 'டப்' என்று அடங்கிவிடும்.

ஆக, ஒலிப்பதிவுக் கூடம் என்பது இசைக்கருவிகளை வைக்கிற இடம் மட்டும் இல்லை. அதுவே ஒரு கருவி. வீணையின் குடத்தை மாற்றினால் நாதம் மாறுவதுபோல, அறை மாறினால் பாட்டின் நாதமும் மாறும்.

பிறகு ஏன் இந்தக் கூடங்கள் தேய்ந்தன? காரணம் தேடி ரொம்ப அலைய வேண்டாம். முதலாவது தொழில்நுட்பம். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் முறை வந்தபோது எல்லாரும் ஒரே நாளில் வரவேண்டிய தேவை போயிற்று. கணினி வந்ததும் வாசிப்பவரே பல இடங்களில் தேவைப்படவில்லை. ஏ.ஆர். ரகுமான் 1989-இல் தன் வீட்டோடு ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சிறு கூடத்தைக் கட்டினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு பெரிய கூடம்தான் பெரிய இசைக்கு வழி என்ற எண்ணம் உடைந்தது. இது வீழ்ச்சி என்று மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. இன்று கெடாவிலோ பினாங்கிலோ ஒரு பையன் படுக்கையறையில் பாட்டுப் பதிகிறான் என்றால் அதற்கும் இதே மாற்றம்தான் காரணம். இரண்டாவது காரணம் நிலம். புறநகர்த் தோப்பாக இருந்த கோடம்பாக்கமும் சாலிகிராமமும் நடுநகரமாகிவிட்டன. மாதத்தில் சில நாள் மட்டும் பயன்படும் பெரிய அறையை, ஏறிக்கொண்டே போகும் நிலவிலை சும்மா விடாது.

பிரசாத் கூடத்திலும் இந்தக் கேள்வி வந்தது. எல்.வி. பிரசாத் 1994-இல் காலமானார். அடுத்த தலைமுறை நிர்வாகத்துக்கும் இளையராஜாவுக்கும் இடையே அந்த இடத்தைக் குறித்து 2019-இல் பிணக்கு முற்றி நீதிமன்றம் வரை போயிற்று. சொத்து நிறுவனத்துடையது, நாற்பது ஆண்டு உழைப்பு இவருடையது. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஏற்பாடு வந்தது: அவர் ஒரு நாள் மட்டும் உள்ளே போய் தியானம் செய்துவிட்டுத் தன் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அறை ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்ததும் அவர் போகவில்லை என்று செய்திகள் வந்தன. பொருள்கள் வண்டியில் ஏறின. 2021 பிப்ரவரியில், கோடம்பாக்கத்தில் முன்பு எம்.எம். பிரிவியூ தியேட்டராக இருந்த கட்டடத்தில் தன் சொந்தக் கூடத்தைத் திறந்தார். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு தரப்பும் வழக்காடியது இடத்தைப் பற்றி. அந்த அறையின் ஒலி யாருடையது என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வேறு ஊர்களில் என்ன நடந்தது? லண்டனில் ஏபி ரோடு கூடம் 1931-இல் திறக்கப்பட்டது; பீட்டில்ஸ் குழுவின் பெரும்பாலான பாடல்கள் அங்கே பதிவானவை. 2010-இல் அது விற்கப்படப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் பிரிட்டிஷ் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. கட்டடக்கலை அழகுக்காக இல்லை, அங்கே நடந்த இசைக்காக. இன்றும் அங்கே பதிவு நடக்கிறது. நியூயார்க்கில் கதை வேறு. முப்பதாம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றைக் கொலம்பியா நிறுவனம் கூடமாக வைத்திருந்தது. நாதம் கெட்டுவிடும் என்று தரையைக் கழுவக்கூட அனுமதிக்காமல் வைத்திருந்தார்கள்! 1981-இல் மூடினார்கள், பிறகு இடித்தே விட்டார்கள். நம் பக்கத்தில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இப்போது ஒரு மேம்பாலத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஏ.வி.எம். இன்னொரு வழி. 2023 மே மாதம் தன் வளாகத்தில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. பழைய கேமராக்கள், விளக்குகள், படங்களில் ஓடிய கார்கள் எல்லாம் இருக்கின்றன. நல்ல காரியம். ஆனாலும் கேமராவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஏதோ புரிகிறது. மைக்கை வைத்தால் என்ன புரியும்? மைக் ஒரு இரும்புத்துண்டு, அவ்வளவுதான். நம் ஜோர்ஜ்டவுனிலும் முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே காப்பிக்கடை ஆக்கிய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒலிக்கூடத்துக்கு அந்த வழி சரிப்படாது. அதன் உயிர் முகப்பில் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், கூடத்தைக் கூடமாகவே பயன்படுத்துவதுதான் முதல்தரமான பாதுகாப்பு. அது முடியாவிட்டால், இடிப்பதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. காலியான அறையில் ஒரு பலூனை உடைத்து, அல்லது தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதி வரை ஏறும் ஒலியை ஒலிபெருக்கியில் போட்டு, அறை எப்படிப் பதில் சொல்கிறது என்று பதிந்துகொள்வார்கள். சில வினாடிக் கோப்புதான். அதை மென்பொருளில் ஏற்றினால், வேறெங்கோ பாடிய குரல் அந்த அறையில் பாடியதுபோல ஒலிக்கும். அறையின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடித்த பிறகு எந்தப் பணத்தாலும் அதை எடுக்க முடியாது.

காந்த நாடாக்களுக்கும் கெடு உண்டு. சில வகை நாடாக்களில் காந்தத்தூளை ஒட்டியிருக்கும் பசை ஈரத்தில் இளகிப் பிசுபிசுக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அவற்றைச் சுமார் 50 பாகை வெப்பத்தில் பல மணிநேரம் பக்குவமாகச் சூடாக்கி, இயங்குகிற நிலைக்குக் கொண்டுவந்து, உடனே 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் கணினிக்கு மாற்றுகிறார்கள். கைப்பேசியில் கேட்கிற பாட்டுக்கோப்பு இதற்கு ஈடாகாது. அதோடு இசைக்குறிப்புத் தாள்கள், எந்த நாளில் யார் வாசித்தார் என்ற பதிவேடுகள். எல்லாவற்றையும்விட அவசரம், வயலின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெயர் தெரியாத கலைஞர்களின் நினைவுகள். நாடா பத்து வருஷம் காத்திருந்தாலும் எண்பது வயதுக்காரர் காத்திருக்கமாட்டார்.

மாணவர்கள் கவனிக்க: 'பேணுதல்' வேறு, 'ஆவணப்படுத்துதல்' வேறு. ஏபி ரோட்டில் நடப்பது பேணுதல். அறையின் ஒலியைக் கோப்பாக எடுப்பது ஆவணப்படுத்துதல். விடைத்தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி. நான்கு பலூன், ஒரு கைப்பேசி போதும். வகுப்பறை, பள்ளி மண்டபம், நூலகம், திடல் நான்கிலும் ஒவ்வொன்றை உடைத்துப் பதியச் சொல்லுங்கள். பிறகு எந்த ஒலி எந்த இடம் என்று சொல்லாமல் போட்டுக்காட்டி, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திடலை உடனே சொல்லிவிடுவார்கள். நூலகத்துக்கும் வகுப்பறைக்கும்தான் சண்டை வரும்.